கொழும்பில் பிள்ளைகளோடு ஒரு பின்னேரம்: விகாரமகாதேவி பூங்கா

யூலை, ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்கள் பல, கொழும்பின் வெள்ளவத்தையில் ஒன்றிரண்டு நாள் தங்கித்தான் யாழ்ப்பாணம் புறப்படுகின்றன. அந்த நாள்களைப் புடவைக் கடைகளுக்குள்ளேயே முடித்துவிடாதீர்கள். விமானத்தில் மணிக்கணக்காக அடைபட்டு வந்த பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது ஓடித் திரிய இடம். கறுவாத்தோட்டத்தில், வெள்ளைக் கும்மட்டம் வைத்த நகர மண்டபத்துக்கு எதிரே விகாரமகாதேவி பூங்கா இருக்கிறது. அம்மம்மா "விக்டோரியா பார்க்" என்று சொன்னால் அதுவும் இதுதான். பழைய சிங்கள மன்னன் துட்டகைமுனுவின் தாய் விகாரமகாதேவியின் பெயர் பிறகு வந்தது.

நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் யூலையில் இரவு 9 மணி வரை வெளிச்சம் நிற்கும். இங்கே 6.30 மணிக்கே பொழுது பட்டுவிடும், 7 மணிக்கு நல்ல இருட்டு. ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு உலாவப் போகலாம் என்று இருந்தால் பின்னேரமே போய்விடும். 4.30 மணிக்கே அங்கே நில்லுங்கள். வெயில் தாழத் தொடங்கியிருக்கும், பெரிய மரங்களின் கீழ் முதியவர்கள் இருக்கலாம், பிள்ளைகள் விளையாட்டிடத்துக்கு ஓடலாம். தென்மேல் பருவக்காற்றுக் காலம் என்பதால் ஒரு குடையும் கொண்டுபோங்கள்.

ஓட்டோவை 'பிக்மீ' செயலியில் அழைத்தால் கட்டணம் முதலே தெரிந்துவிடும், பேரம் பேசத் தேவையில்லை. கச்சான், ஐஸ்கிறீம் வாங்க 50, 100 ரூபாய்த் தாள்கள் வைத்திருங்கள். தண்ணீர் போத்தலில் இருக்கட்டும். நகர மண்டபப் பக்கம் பொன்னிறப் புத்தர் சிலை இருக்கிறது. அதற்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம். இந்த நாட்டில் அது பெரிய அவமதிப்பு. பிள்ளைகளுக்கு ஓட்டோவிலேயே சொல்லிவையுங்கள்.

கடற்கரையோரத் திடலான காலிமுகத்திடலையும் அதே பின்னேரத்தில் பார்த்துவிட நினைக்காதீர்கள். வேலை விடும் நேர நெரிசலிலேயே பொழுது போய்விடும். அங்கே பட்டம் விடுவதும் இறால் வடை தின்பதும் இன்னொரு நாளைக்கு.

எல்லாவற்றிலும் பெரிய கவனம் நுளம்பு. டெங்கு பரப்பும் நுளம்பு பகலில்தான் கடிக்கும், பொழுதுபடுமுன் இன்னும் மோசம். முழுக்கை, நீளக் காற்சட்டை போட்டு, வெறும் தோலில் நுளம்பு மருந்து பூசிவிடுங்கள். கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரலாம். அப்போது நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருப்பீர்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். கையோடு கொண்டுவந்த இபுபுரூபனும் அஸ்பிரினும் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.