சாஃப்ட்னரா, உப்பில்லாக் கண்டிஷனரா? முதலில் அந்த டிடிஎஸ் பேனாவைக் கீழே வையுங்கள்

போன மாதம் ஒரு பையன் போன் செய்தான். இந்தத் தொழிலுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. "அண்ணே, புது சாஃப்ட்னர் மாட்டினேன், டிடிஎஸ் இறங்கவே மாட்டேங்குது. ரெசின் டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்றான். சாஃப்ட்னர் என்பது ரெசின் மணிகளை வைத்துக் கடினநீரை மென்மையாக்கும் மெஷின். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு, பேனா மாதிரிக் கருவியை முக்கிப் பார்ப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை இதே பதற்றத்தோடு நானும் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு முன்பே நல்ல ரெசினை மூட்டையோடு தூக்கியும் எறிந்திருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உப்பு போட மறப்பது, முன்வடிகட்டியைக் கழுவாமல் விடுவது போன்றவற்றை மெஷினோடு வரும் கையேடே சொல்லிவிடும். கையேட்டில் இல்லாத தவறுகளைப் பார்ப்போம்.

"உப்பு" என்ற சொல்லை அப்படியே நம்புவது

நாம் எல்லாவற்றையும் "உப்புத் தண்ணி" என்கிறோம். வாயில் கரித்தாலும் உப்புத் தண்ணி, சோப்பு நுரைக்காவிட்டாலும் உப்புத் தண்ணி, வாளியில் வெள்ளைக் கறை பிடித்தாலும் உப்புத் தண்ணி. கரிப்பது உவர்நீர், அதில் சோடியம் குளோரைடு கூடுதல். நுரைக்காததும் கறை பிடிப்பதும் கடினநீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதல். ஒரே தண்ணீரில் இரண்டும் சேர்ந்திருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். குழாய் வாயில் காய்ந்திருக்கும் வெள்ளைப் படிவைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்காது. அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் சரக்குதான்.

இந்தக் குழப்பத்தின் நடுவில் "உப்பில்லா சாஃப்ட்னர்" என்று ஒரு பெயர் வந்து உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரிலிருந்து உப்பை எடுக்கும் மெஷின் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். மெஷினுக்குள் நாம் உப்புப் போட வேண்டியதில்லை என்பதுதான் அதன் பொருள். அது தண்ணீரிலிருந்து எதையும் எடுப்பதில்லை. சாஃப்ட்னர் என்ற பாதிப் பெயரும் அதற்குப் பொருந்தாது. கண்டிஷனர் என்று சொல்வதுதான் நேர்மை. தண்ணீர் உண்மையிலேயே கரிக்கிறது என்றால் இந்த இரண்டு மெஷினாலும் பயனில்லை. அது ஆர்.ஓ. செய்ய வேண்டிய வேலை.

டிடிஎஸ் பேனாவை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான்.

ஆரம்ப நாட்களில் ஒரு வீட்டுக்கு 25 லிட்டர் ரெசின் கொண்ட சாஃப்ட்னர் மாட்டினேன். வீட்டுக்காரர் பை நிறையக் கருவிகள் வைத்திருப்பவர். மெஷினுக்கு முன்னால் பேனாவை முக்கினார், 820. பின்னால் முக்கினார், மறுபடி 820-ஐ ஒட்டிய ஓர் எண். என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு முகம் வெளிறிவிட்டது. ரீஜெனரேஷன் ஓட்டினேன், அதாவது உப்புநீர் விட்டு ரெசினைக் கழுவிப் புதுப்பித்தேன். அதே எண். மறுநாள் வந்து, உப்பைக் கூட்டிப் போட்டு மறுபடி ஓட்டினேன். கழுவுவதை அவசரமாக முடித்துவிட்டேன்போல, இந்த முறை எண் ஏறிவிட்டது! ரெசின் போலி என்று முடிவு கட்டி, என் கைக்காசில் புது ரெசின் வாங்கி நிரப்பினேன். எண் மட்டும் அசையவில்லை.

கடைசியில் எனக்குத் தொழில் பழக்கிய பெரியவரைக் கூட்டிப் போனேன். அவர் பேனாவைத் தொடவே இல்லை. இரண்டு கண்ணாடி பாட்டிலில் பாதி பாதி தண்ணீர் பிடித்தார், ஒன்றில் பழைய தண்ணீர், ஒன்றில் மெஷின் தண்ணீர். சோப்புக் கட்டியை நகத்தால் கிள்ளி ஒவ்வொன்றிலும் போட்டு மூடிக் குலுக்கினார். ஒன்றில் பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பி மிதந்தது. மற்றதில் கழுத்துவரை நுரை. "முதல் ரெசினை எங்கடா போட்டே?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பேனா அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை. அதிலிருந்து மொத்தக் கரைபொருள் இவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. எது கரைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சாஃப்ட்னர் செய்வது பண்டமாற்று. ரெசின் மணிகள் ஒரு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விடுகின்றன. எடையில் சொன்னால் 40 கிராம் கால்சியம் உள்ளே தங்க, 46 கிராம் சோடியம் வெளியே வருகிறது. பிறகு டிடிஎஸ் எப்படி இறங்கும்? இறங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அளக்க வேண்டியது கடினத்தன்மையை. சொட்டு மருந்துக் கிட் போதும்: தண்ணீரில் நிறங்காட்டியைப் போட்டால் சிவக்கும், மற்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலமாகும்வரை எண்ண வேண்டும். லிட்டருக்கு 60 மில்லிகிராம்வரை மென்மை, 120 தாண்டினால் கடினம், 180-க்கு மேல் மிகக் கடினம் என்பது பொதுவான வகைப்பாடு. கடையில் சிலர் "கிரெய்ன்" கணக்கில் பேசுவார்கள். ஒரு கிரெய்ன் என்பது லிட்டருக்கு 17.1 மில்லிகிராம். காகிதப் பட்டையும் கிடைக்கிறது, ஆனால் அது உத்தேசம்தான். மெஷின் அளவை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சோப்புச் சோதனை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசல் சோப்பு வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம், ஷாம்பு போன்றவை டிடர்ஜென்ட் சரக்கு, கடினநீரிலும் நுரைக்கும். அதைப் போட்டுக் குலுக்கிவிட்டு "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பிப் போனவன் நானேதான்.

இப்போது கண்டிஷனருக்கு வாருங்கள். அதைப் பேனாவால் சோதித்தாலும் அதே எண், சொட்டு மருந்தால் சோதித்தாலும் கிட்டத்தட்ட அதே எண். குலுக்கினாலும் அதே திப்பி. உடனே ஏமாற்று வேலை என்று கழற்றி வீசுபவர்கள் உண்டு. எந்த எண்ணுமே மாறாதது வசதி என்று எதையாவது டப்பாவில் அடைத்து விற்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் பேனா துணை நிற்கிறது.

நல்ல கண்டிஷனரில் இருக்கும் மணிகளின் மேல்பரப்பில், கரைந்திருக்கும் கால்சியம் கார்பனேட் மிக நுண்ணிய படிகங்களாக உருவாகிப் பிரிந்து தண்ணீரோடு போகிறது. ஏற்கெனவே படிகமாகிவிட்டது ஹீட்டர் சுவரில் ஒட்டாமல் ஓடிவிடுகிறது. கால்சியம் எங்கும் போகவில்லை, ஒட்டும் குணத்தை இழந்திருக்கிறது, அவ்வளவுதான். அதன் வேலையைப் பார்க்க ஒரே இடம் ஹீட்டர் கம்பி. ஜெர்மனியில் டிவிஜிடபிள்யூ டபிள்யூ 512 என்ற சோதனைமுறை இதற்கென்றே இருக்கிறது. அதிலும் தண்ணீரைச் சூடாக்கி, படிந்த சுண்ணாம்பைத்தான் அளக்கிறார்கள். விற்பவரிடம் டிடிஎஸ் கேட்காதீர்கள், இந்த மாதிரிச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

புகாரைக் கேட்காமல் மெஷினைப் பேசுவது

ஹீட்டர் கம்பி அடிக்கடி போகிறது, வெந்நீர்க் குழாய் அடைக்கிறது என்பது மட்டும்தான் புகார் என்றால் கண்டிஷனர் போதும். உப்பு மூட்டை தூக்க வேண்டாம், கழிவுநீர் இல்லை, கரன்ட் வேண்டாம். சோப்பு நுரைக்கவில்லை, துணி விறைக்கிறது, முடி வறண்டு போகிறது, ஷவர் கண்ணாடியில் புள்ளி என்றால் சாஃப்ட்னர்தான். கண்டிஷனர் போட்ட வீட்டிலும் கண்ணாடியில் தண்ணீர் காய்ந்தால் புள்ளி விழும். துடைத்தால் முன்பைவிட எளிதாகப் போகலாம், விழாமல் இருக்காது.

இன்னொரு நுணுக்கம். பள்ளியில் தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மை என்று படித்தது இங்கே உதவும். சூடாக்கினால் படிவது பைகார்பனேட் வகை மட்டும். கண்டிஷனரின் பிடி அதன்மேல்தான். உங்கள் தண்ணீரில் சல்பேட், குளோரைடு வகைக் கடினம் மிகுதி என்றால் ஹீட்டரில் படிவு குறைவாக இருக்கும், சோப்பு மட்டும் நுரைக்காது. அங்கே கண்டிஷனருக்கு வேலையே இல்லை. ஆய்வுக்கூட அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மைக்குப் பக்கத்தில் காரத்தன்மை என்று ஓர் எண் இருக்கும். அது கடினத்தன்மையைவிட மிகக் குறைவாக இருந்தால் நான் கண்டிஷனரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குழாயில் காந்தம் கட்டுவது

வேண்டாம்.

இரும்பைப் பார்க்காமல் மாட்டுவது

வாளியில் பிடித்து வைத்த தெளிந்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறுகிறதா? அதில் இரும்பு இருக்கிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினால் கண்டிஷனர் மணிகளுக்கு ஆகாது. மேல்பரப்பில் துரு பூசிக்கொண்டால் படிகம் உருவாக இடமே இருக்காது. சாஃப்ட்னர் ரெசின் கொஞ்சம் தாங்கும், ஆனால் துருத்துகள் ஏறிவிட்டால் சாதாரண உப்பில் கழுவி மீட்பது பெரும்பாடு. இரும்பு வடிகட்டி முதலில், மற்றது பிறகு. புதிதாகச் செம்புக் குழாய் போட்ட வீட்டில் கண்டிஷனரைச் சில வாரம் பொறுத்து மாட்டுவது நல்லது. புதுச் செம்பிலிருந்து கசிவதும் அந்த மணிகளைக் கெடுக்கும்.

ஆள் கணக்கில் மட்டும் அளவு சொல்வது

"நாலு பேரா? இந்த மாடல் எடுத்துக்குங்க." இது பாதிக் கணக்கு. நாலு பேர், ஆளுக்கு 150 லிட்டர், ஒரு நாளைக்கு 600 லிட்டர். கடினத்தன்மை 350 என்றால் தினமும் 210 கிராம் சுண்ணாம்புச் சரக்கு வருகிறது. ஒரு லிட்டர் ரெசின் சிக்கனமான உப்பில் சுமார் 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசினுக்கு 1,250 கிராம், அதாவது ஏறக்குறைய ஆறு நாள். அதே நாலு பேர், கடினத்தன்மை 700 என்றால் மூன்று நாளில் ரெசின் நிறைந்துவிடும்.

ரெசின் பற்றாவிட்டால் உப்பைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். உப்பை இரண்டரை மடங்கு ஆக்கினாலும் பிடிப்பு ஒன்றரை மடங்குதான் ஏறும். மிச்ச உப்பு அப்படியே சாக்கடைக்கு. முடிந்தால் டைமர் வால்வை விட, ஓடிய தண்ணீரை அளந்து ரீஜெனரேஷன் செய்யும் வால்வை வாங்குங்கள். டைமருக்கு நீங்கள் ஊரில் இல்லாதது தெரியாது.

கண்டிஷனரில் பார்க்க வேண்டியது வேறு. இரண்டு ஷவர் ஒரே நேரத்தில் திறந்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடும் என்பதுதான் கேள்வி. மெஷின் தாங்கும் அளவைத் தாண்டி ஓட்டினால் தண்ணீர் மணிகளோடு போதிய நேரம் நிற்காமல் போய்விடும்.

சமையலறைக் குழாயையும் தோட்டக் குழாயையும் சேர்த்து இணைப்பது

350 கடினத்தன்மையை முழுக்க எடுத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 160 மில்லிகிராம் சோடியம் கூடும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவருக்கும், பால்மாவு கரைத்துக் குடிக்கும் குழந்தைக்கும் அது வேண்டாம். செடிக்கும் வேண்டாம். சோடியம் சேரச் சேர மண் இறுகும். இரண்டு குழாய்க்கும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே தனிக் கிளை எடுத்துவிடுங்கள். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு போடலாம் என்று யாராவது சொன்னால், வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

கழிவுநீர் எங்கே போகும் என்று யோசிக்காதது

ஒவ்வொரு ரீஜெனரேஷனிலும் நூறு லிட்டருக்கு மேல் உப்புக் கழிவு வெளியேறும். இது சிறிய விஷயம் இல்லை. கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில் ஆற்றில் குளோரைடு ஏறுகிறது என்று 2009 முதல் வீட்டிலேயே ரீஜெனரேஷன் செய்யும் சாஃப்ட்னர்களுக்குத் தடை. உங்கள் பகுதியில் அப்படி விதி இருந்தாலோ, கழிவை விட மண்ணைத் தவிர வேறு இடம் இல்லை என்றாலோ, சோப்பு நுரையை மறந்துவிட்டுக் கண்டிஷனரோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

மாட்டிவிட்டு மறப்பது

சாஃப்ட்னருக்கு மாதம் ஒரு முறை சொட்டு மருந்து, அதுவும் அடுத்த ரீஜெனரேஷனுக்கு முந்தின நாள். ரீஜெனரேஷன் முடிந்த மறுநாள் பார்த்தால் எந்த ரெசினும் நல்ல ரெசின்தான்.

கண்டிஷனர் என்றால், மாட்டும் அன்றே ஹீட்டரைத் திறந்து கம்பியைச் சுத்தம் செய்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். முதல் சில வாரங்களில் பழைய படிவு உதிர்ந்து குழாய் வாய் வலையை அடைக்கலாம், கழற்றித் தட்டினால் போதும். ஆறு மாதம் கழித்து மறுபடி ஹீட்டரைத் திறந்து, போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பியில் துடைத்தால் போகிற மாவு இருந்தால் மெஷின் வேலை செய்கிறது. உளி வைத்துத் தட்டினாலும் பெயராத ஓடு இருந்தால் விற்றவரைக் கூப்பிடுங்கள். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தால், அந்தக் கம்பியைக் கையில் கொடுங்கள்.