மலையில இருந்து கடலுக்கு: எந்த மாசம் எந்தக் கரையில வீடு எடுக்கணும்

நம்ம இலங்கை மலையக ஆளுங்க கடலுக்கு போறதுன்னா ஸ்கூல் லீவு எப்ப, வேன் எப்ப கிடைக்கும், கையில காசு எப்ப வரும்னு இந்த மூணத்தான் பாக்குறோம், கடல் எப்ப நல்லா இருக்கும்னு பாக்குறதே இல்ல. நாங்களும் அப்பிடித்தான் ஒரு டிசம்பர் லீவுல கிழக்கு கரையில பாசிக்குடா கிட்ட ஒரு சின்ன வீடு எடுத்து நாலு நாள் இருந்தோம், நாலு நாளும் மழை. எங்கம்மா 58 வயசு வரைக்கும் கொழுந்து மலைய தவிர ஒன்னும் பாத்ததில்ல, கடலை பாக்கணும்னு அவ்வளவு ஆசையா வந்தவங்க ஜன்னல் கிட்ட உக்காந்து கலங்கின தண்ணிய பாத்துட்டு "நம்ம ஆத்துல வெள்ளம் வந்த மாதிரில்ல இருக்கு"ன்னு சொன்னாங்க. எனக்கு மனசே விட்டுப்போச்சு. அதுக்கு பிறகு விசாரிச்சு விசாரிச்சு ஏழெட்டு தடவை போய் வந்தாச்சு, தெரிஞ்சதை எழுதுறேன், நீங்களாவது முதல் தடவையே சரியா போங்க.

காத்த வச்சுத்தான் எல்லாமே. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு பருவக்காத்து, அது மேக்கால இருந்து வந்து நம்ம மலையில மோதி மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன், கினிகத்தேன எல்லாம் கொட்டு கொட்டுன்னு கொட்டிட்டு, மலைய தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது ஈரமே இல்லாம காஞ்ச காத்தா போகுது. மட்டக்களப்பு பக்கத்து ஆளுங்க அதை கச்சான்னு சொல்லுவாங்க, உடம்பெல்லாம் எரியிற சூடு, ஆனா கடல் தூங்குற மாதிரி அடங்கி கிடக்கும். நவம்பர், டிசம்பர், ஜனவரி இதுக்கு நேர் எதிர், வாடைக்காத்து வடகிழக்கால வந்து பதுளை, பசறை பக்கம் மழையா கொட்டிட்டு போகும், அப்ப தெக்கு கரை அமைதி. அதனால கேலண்டரே வேணாம், உங்க வீட்டு கூரைய பாருங்க. ஹட்டன் பக்கம் விடாம பெய்யுதா, கிழக்குக்கு போங்க. பசறையில இருக்கிற எங்கக்கா போன் பண்ணி துணி காயலன்னு சொன்னா தெக்குக்கு போங்க. மீன்புடிக்காரங்களும் இப்பிடித்தான், மேக்கு கரை கொந்தளிக்கிற காலத்துல நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆளுங்க போட்டையும் வலையையும் தூக்கிக்கிட்டு கிழக்கு கரைக்கு போய் வாடி அடிச்சு தங்குறாங்க.

கிழக்குன்னா பொத்துவில் அறுகம்குடா, பாசிக்குடா, திருகோணமலை பக்கம் நிலாவெளி, உப்புவெளி. சின்ன பிள்ளைங்களும் வயசானவங்களும் இருந்தா யோசிக்காம பாசிக்குடாவுக்கு போங்க, அங்க தண்ணி ரொம்ப தூரம் வரைக்கும் இடுப்பளவு தான், கடல்ல நடந்துக்கிட்டே போகலாம். அம்மாவ திரும்ப ஒரு ஆகஸ்ட் மாசம் அங்க தான் கூட்டிட்டு போனேன், முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு அக்கா கையப்புடிச்சு மெதுவா இறங்கினவங்க ஒரு மணித்தியாலம் ஆகியும் கரைக்கு வரல, ரெண்டு கையாலயும் தண்ணிய அள்ளி அள்ளி பாத்துக்கிட்டு நின்னாங்க. அறுகம்குடா அலை சறுக்குற பசங்களுக்கு பேர் போன இடம், ஆகஸ்ட்ல அலை பெருசு, பிள்ளைங்கள குளிக்க விடுறதுன்னா போட்டு நிக்கிற பக்கம் மட்டும் தான், அதுவும் அங்க உள்ள ஆளுங்கள கேட்டுட்டு. பொத்துவில்ல முஸ்லிம் ஆளுங்க தான் கூட, கடைத்தெருவுக்கு போறப்ப நல்லா உடுத்திக்கிட்டு போனா அவங்களும் மரியாதையா பேசுவாங்க.

திருகோணமலைன்னா குளிக்கிறதோட முடியாது, கோணேஸ்வரர் கோயில், கன்னியாவுல ஏழு வெந்நீர் கிணறு, நிலாவெளிக்கு எதிர்ல புறாத்தீவு. அது 2003ல இருந்து தேசிய பூங்கா, பவளப்பாறை மேல ஏறி நிக்காதீங்க, ஒரு துண்டு கூட ஒடச்சு எடுத்துட்டு வரவும் வேணாம், அது உயிருள்ள சாமான்.

தெக்குக்கு டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அருமையான காலம். உணவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ, தங்காலை எல்லாம் பேர் தெரிஞ்ச இடம், பிள்ளைங்களுக்குன்னா நான் மாத்தறை கிட்ட பொல்ஹேன சொல்லுவேன், வெளிய பாறை அலைய தடுத்துருது, உள்ள குளம் மாதிரி. மிரிஸ்ஸவுல திமிங்கிலம் பாக்க போட்டு போகும், நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், விடியக்காலையில சாப்பாட்ட கொறச்சுக்கிட்டு வாந்தி மாத்திரைய முன்னாடியே போட்டுட்டு ஏறுங்க. மே மாசத்துக்கு பிறகு அந்தக் கரையில குளிக்கிற ஆசையே வேணாம். வெறுமன உக்காந்து அலைய பாத்துக்கிட்டு இருக்கணும்னா போலாம், வாடகையும் கொறையும், ஆனா பிள்ளைங்கள கட்டி வைக்க முடியாது பாருங்க.

ஏப்ரல்ல ரெண்டு கரையும் ஓரளவு நல்லா இருக்கும், ஆனா புது வருசத்தோட கடையெல்லாம் பூட்டிருவாங்க, சமையல்காரர் ஊருக்கு போயிருவார், பாண் கூட கிடைக்காது. போறதுன்னா அரிசி பருப்பு எல்லாம் கட்டிக்கிட்டு போங்க. அக்டோபர் எனக்கு புடிக்காது, மத்தியானம் வரைக்கும் வெயிலா இருந்துட்டு பின்னேரம் இடி மின்னல். நவம்பர் டிசம்பர்ல கிழக்கு பக்கம் புயல் பயமும் இருக்கு, 1978 நவம்பர்ல மட்டக்களப்ப அடிச்ச சூறாவளிய அங்க உள்ள பெரியவங்க இன்னிக்கும் சொல்லுவாங்க.

பாதை விசயம். பண்டாரவளை, பதுளை ஆளுங்களுக்கு அறுகம்குடா தான் கிட்ட, எல்ல, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியா மூணரை மணித்தியாலத்துக்குள்ள போயிரலாம், ஆனா லாகுகல கிட்ட யானை ரோட்டுக்கு வரும், இருட்டுறதுக்கு முன்னாடி தாண்டிருங்க. பாசிக்குடாவுக்கு பதுளையில இருந்து பிபிலை, மகாஓயா, செங்கலடி. வளைவுல வாந்தி எடுக்கிற பிள்ளைங்க இருந்தா கண்டி, தம்புள்ளை, ஹபரண, பொலன்னறுவை சுத்திப் போங்க, தூரம் தான், ஆனா மாத்தளைய தாண்டினா நேர் ரோடு. தெக்குக்கு ஹட்டன்ல இருந்து அவிசாவளை இறங்கி கடுவலையில ஹைவே ஏறலாம், பதுளை பக்கத்துல இருந்தா எல்ல, வெல்லவாய, தனமல்வில. எதுவா இருந்தாலும் விடியக்காலை நாலு மணிக்கு வேன் கிளம்பிருச்சுன்னா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முக்கால்வாசி தூரம் போயிரலாம், குளிர்ல பொறந்து வளர்ந்த உடம்பு அந்த சூட்ட திடீர்னு தாங்காது.

வீடு எடுக்கிறதுல தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ரூம் வேணாம், அடுப்படி உள்ள வீடா கேளுங்க, பத்து பேர் மூணு நேரமும் கடையில சாப்பிட்டா வாடகைய விட சாப்பாட்டுக்கு கூட போகும். போன்ல பேசும்போதே லோக்கல் ஆளுங்க, ஃபேமிலின்னு சொல்லிருங்க, வெள்ளைக்காரங்களுக்கு ஒரு ரேட், நமக்கு ஒரு ரேட். அப்புறம் இதெல்லாம் கேளுங்க: வீட்டுக்கு முன்னாடி உள்ள கடல்ல குளிக்கலாமா (பீச் ஃப்ரண்ட்னு சொல்லுவாங்க, முன்னாடி பாத்தா வெறும் பாறை), குழாய் தண்ணி உப்பா நல்ல தண்ணியா, ஃபேன் ஒவ்வொரு ரூம்லயும் இருக்கா, நுளம்பு வலை இருக்கா, கேஸ் சிலிண்டர் அவங்களோடதா நம்மளோடதா, டிரைவருக்கு படுக்க இடம் இருக்கா. டிரைவர் விசயத்த மறந்துராதீங்க, ராத்திரி பூரா வேன்ல வேர்த்துக்கிட்டு படுத்தவர் மறுநாள் நம்ம குடும்பத்தையே ஏத்திக்கிட்டு மலை ஏறணும். ஒரு தடவை ஒரு இடத்துல போட்டோவ நம்பி முழு காசையும் போட்டுட்டேன், போய் பாத்தா கடல் ரெண்டு தெரு தள்ளி. இப்ப கொஞ்சம் அட்வான்ஸ் மட்டும் தான், அதுவும் வாசல்ல இருந்து கடல் தெரியுற மாதிரி வீடியோ அனுப்ப சொல்லிட்டு.

எடுத்துட்டு போறதுல முக்கியம் தேத்தூள். கரையோரத்துல அந்த உப்புத்தண்ணியில டீ போட்டா வாய்க்கு வைக்க முடியாது, நம்ம தோட்டத்து தூளும் அஞ்சு லீட்டர் போத்தல் தண்ணியும் இருந்தா அம்மா ஆளுங்க எல்லாம் சந்தோசமா இருப்பாங்க. மீன் கடைக்கு போகாம காலையில கரைக்கே போங்க, கிழக்குல சீசன்ல கரைவலை இழுக்கிறத பாக்கலாம், பிள்ளைங்களும் கயித்துல ஒரு கை குடுக்கலாம், சூரையோ பாரையோ அங்கயே வாங்கி அப்பிடியே குழம்பு.

இப்ப சொல்றத தயவு செஞ்சு கவனமா படிங்க. நம்ம பிள்ளைங்க ஆத்துல குளிச்ச தைரியத்துல கடல்ல இறங்குறாங்க, கடல் வேற. ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு வெள்ளையா இருக்கிறப்ப நடுவுல ஒரு இடம் மட்டும் அலையில்லாம கருப்பா அமைதியா தெரிஞ்சா அது தான் நல்ல இடம்னு போயிராதீங்க, தண்ணி உள்ள இழுக்கிற இடமே அது தான். மாட்டிக்கிட்டா கரைய பாத்து நேரா நீந்த வேணாம், களைச்சுப்போய் தான் ஆள் முங்குறது, கரைக்கு இணையா சைடுல நீந்தி இழுவைய விட்டு வெளிய வந்துட்டு பிறகு திரும்புங்க, நீந்த தெரியாட்டி மல்லாக்க மிதந்துக்கிட்டு கைய தூக்கி கத்துங்க. சிவப்பு கொடி இருந்தா இறங்கவே கூடாது. குடிச்சவங்கள ஒருத்தரையும் தண்ணிக்கு விடாதீங்க, அண்ணனா இருந்தாலும் சரி மச்சானா இருந்தாலும் சரி. ஒரு ஆள் எப்பவும் கரையில நின்னு பிள்ளைங்கள எண்ணிக்கிட்டே இருக்கணும், போன் கையில இல்லாம. கடல் திடீர்னு உள்வாங்கினா வேடிக்கை பாக்காம உடனே மேட்டுக்கு ஓடுங்க, 2004 டிசம்பர் 26 அன்னிக்கு நடந்தது அது தான்.

குளியல் காலையில ஒம்பது மணிக்கு முன்னாடியும் பின்னேரம் நாலுக்கு பிறகும் போதும், நடுவுல தூங்குங்க.

கிளம்புற அன்னிக்கு வேன்ன அடியில நல்ல தண்ணி அடிச்சு கழுவ சொல்லுங்க, உப்பு இரும்ப தின்னுரும். ஸ்வெட்டர மேல் பையில வைங்க, ராத்திரியில ஹப்புத்தளை ஏறும்போது பிள்ளைங்க நடுங்கும். கருவாடு வாங்குறதுன்னா ஒடச்சு பாத்து நல்லா மொரமொரன்னு காஞ்சதா எடுங்க, லேசா ஈரம் இருந்தாலும் நம்ம பக்கத்து குளிருக்கு ஒரு கிழமையில பூசணம் புடிச்சிரும். மூடி உள்ள பக்கெட்ல போட்டு கொண்டாந்து அடுப்புக்கு மேல கட்டி வச்சீங்கன்னா அடுத்த சம்பளம் வரைக்கும் வரும்.