குத்துச்சண்டை செட்டப்பா, நிஜமா? பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

"எல்லாம் பேசி வைத்துக்கொண்டு அடிக்கிறார்கள்" என்ற பேச்சு ஒவ்வொரு பெரிய போட்டிக்குப் பிறகும் கிளம்பும். அந்தப் பேச்சுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்பது. இரண்டாவது, சமமில்லாத இருவரைத் தெரிந்தே மோத விடுவது. மூன்றாவது, ஜட்ஜுகள் போடும் தவறான புள்ளி. முதலாவது அபூர்வம். இரண்டாவது வாராவாரம் நடக்கிறது, அதுவும் சட்டப்படியே. எதைச் சந்தேகிக்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மணி அடிப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடலாம். வீரர்களின் போட்டி முடிவுகளைத் தொகுத்து வைக்கும் பாக்ஸ்ரெக் இணையதளத்தில் ஒரு வீரரின் பக்கத்தைத் திறந்தால் 20 வெற்றி, 0 தோல்வி என்று பளபளப்பாக இருக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். அவரிடம் கடைசியாகத் தோற்ற ஐந்தாறு பேரின் பக்கங்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொருவரும் அதற்கு முந்தைய ஐந்து போட்டிகளில் எத்தனை ஜெயித்தார்கள், எந்த எடைப் பிரிவிலிருந்து வந்தார்கள், கடைசியாக எப்போது ரிங்கில் ஏறினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வரிசையாகத் தோற்றுக்கொண்டே வந்தவர்கள் என்றால் அந்த 20-0 சாதனை இல்லை, புரொமோட்டர் (போட்டிகளை ஏற்பாடு செய்து நடத்துபவர்) போட்டுக் கொடுத்த பாதை.

இப்படித் தோற்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உண்டு. பிரிட்டனின் பீட்டர் பக்லி 2008-இல் ஓய்வு பெற்றபோது 300 போட்டிகள் ஆடியிருந்தார்: 32 வெற்றி, 256 தோல்வி, 12 டிரா. இது மோசடி இல்லை. அங்கே நாக் அவுட் ஆனால் குறைந்தது 28 நாள் ரிங் ஏற முடியாது, அத்தனை நாள் வருமானமும் போச்சு. அதனால் இவர்கள் கையைத் தூக்கி முகத்தை மூடி, எதிராளியைக் கட்டிப் பிடித்து, நான்கு ரவுண்டு போட்டி என்றால் நான்கையும் ஓட்டி, 40-36 என்று புள்ளியில் தோற்று, உடம்பு நோகாமல் அடுத்த போட்டிக்குப் போவார்கள். தோற்கச் சொல்லி யாரும் காசு கொடுப்பதில்லை. கொடுக்கவேண்டிய தேவையே இல்லை. பார்க்கிறவருக்கு 'இவன் அடிக்கவே மாட்டேங்கிறானே' என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து புள்ளி. டிவி சத்தத்தை முழுக்க அணைத்துவிடுங்கள்; வர்ணனையாளர் ஒருவர் பக்கம் சாய்ந்தால் நம் கண்ணும் அங்கேயே போகும். ரவுண்டு முடிந்ததும், அந்த ஒரு நிமிட இடைவேளைக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒருவர் ஒருமுறை கீழே விழுந்திருந்தால் பெரும்பாலும் 10-8. கையுறையிலும் முழங்கையிலும் பட்ட குத்துகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கும் குத்துகளில் பாதி அங்கேதான் போய் முட்டும். யாருக்குக் கொடுப்பதென்று இழுபறியான ரவுண்டுகளுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளக் குறி போடுங்கள். தீர்ப்பே இந்தக் குறி போட்ட ரவுண்டுகளில்தான் இருக்கிறது.

12 ரவுண்டில் எட்டை ஒருவருக்குக் கொடுத்து 116-112 என்று போட்டிருக்கிறீர்கள்; அந்த எட்டில் நான்கு இழுபறி என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கையும் இன்னொரு நேர்மையான ஜட்ஜ் மற்றவருக்குக் கொடுத்தால் கணக்கு 112-116 என்று அப்படியே புரண்டுவிடும். இதற்காக 'கொள்ளை' என்று கத்த வேண்டாம். சந்தேகம் வர வேண்டியது, இழுபறியே இல்லாத ரவுண்டு மாறிப் போகும்போது. 1999 மார்ச்சில் லெனாக்ஸ் லூயிஸ், இவாண்டர் ஹோலிஃபீல்ட் மோதலை டிரா என்றார்கள். குத்துகளை எண்ணிச் சொல்லும் கம்ப்யூபாக்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி, எதிராளி மேல் பட்ட குத்துகள் லூயிஸுக்கு 348, ஹோலிஃபீல்டுக்கு 130. லூயிஸ் தெளிவாக ஆதிக்கம் செலுத்திய 5-ஆவது ரவுண்டைக்கூட ஒரு ஜட்ஜ் ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்திருந்தார். விசாரணை வந்தது அதனால்தான். அதே ஆண்டு நவம்பரில் மறுபோட்டியில் லூயிஸ் ஜெயித்தார்.

இனி, விழுகிற காட்சி. மக்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. வலது விலாவுக்குக் கீழே, ஈரல் மேல் இடது ஹுக் (கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து வீசும் குத்து) விழுந்தால் ஆள் உடனே விழமாட்டார். ஓரிரு நொடி நிற்பார், ஓரடி பின்னால்கூட வைப்பார். அப்புறம் முகம் சுருங்கி முழங்கால் மடங்கும். சுயநினைவு இருக்கும், எழத்தான் முடியாது. அந்தத் தாமதம் பார்ப்பவருக்கு நடிப்பாகத் தெரியும். 2004-இல் பெர்னார்ட் ஹாப்கின்ஸிடம் 9-ஆவது ரவுண்டில் ஆஸ்கார் டி லா ஹோயா விழுந்தது இப்படித்தான். எழ முடியாமல் கையால் தரையைக் குத்திக்கொண்டு கிடந்தார். தலையில் படும் அடிக்கும் இதே எச்சரிக்கை: கண்ணில் படாத குத்து லேசாக இருந்தாலும் சாய்த்துவிடும். பக்கவாட்டுக் கோணத்தில் மெதுவோட்டத்தில் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். பார்த்தாலும் சில தீராது. 1965-இல் சோனி லிஸ்டன் முகமது அலியிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்ததைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை.

உண்மையிலேயே விற்றுவிட்ட போட்டி வேறு மாதிரி இருக்கலாம். 1947 நவம்பரில் ஜேக் லமோட்டா, பில்லி ஃபாக்ஸிடம் 4-ஆவது ரவுண்டில் தோற்றார். அவர் ஒருமுறைகூட விழவில்லை. கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக்கொண்டு நின்றார், நடுவர் நிறுத்தினார். காட்டிக் கொடுத்தது பந்தய விலை, அதாவது யார் ஜெயிப்பார் என்று பணம் கட்டுபவர்களுக்குச் சொல்லப்படும் விகிதம். போட்டிக்கு முன்பே பணம் ஃபாக்ஸ் பக்கம் கொட்டியது. 1960-இல் அமெரிக்க செனட் குழு முன்னால், பட்டப் போட்டி வாய்ப்புக்காக வேண்டுமென்றே தோற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே, காரணமே தெரியாமல் கடைசி நேரத்தில் விலை புரண்டால் குறித்து வையுங்கள். பயிற்சியில் காயம் என்ற செய்தி கசிந்தாலும் விலை புரளும் என்பதால் முதலில் அதைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

யார் பட்டப் போட்டிக்குத் தகுதி என்று வரிசைப்படுத்தும் ரேங்கிங் பட்டியலையும் மாதாமாதம் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். பட்டங்களை வழங்கும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப்-இன் (சர்வதேச குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) நிறுவனர் ராபர்ட் லீ, லஞ்சம் வாங்கி ரேங்கிங்கை மாற்றினார் என்று வழக்குத் தொடர்ந்தார்கள். 2000-இல் பணமோசடி, வரி ஏய்ப்புக் குற்றங்களில் அவர் தண்டிக்கப்பட்டார். நடுவில் ஒரு போட்டிகூட ஆடாத ஒருவர் ஐந்தாறு இடம் மேலே ஏறியிருந்தால், அவருடைய புரொமோட்டர் யார், அடுத்த பட்டப் போட்டியை நடத்தப்போவது யார் என்று பாருங்கள்.