கட்டுரையில் உங்கள் குரல் தொலையாமல் இருக்க

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளமான காமன் ஆப்பில், சேர்க்கைக் கட்டுரைக்கு உச்சவரம்பு 650 சொற்கள். முதல் வரைவை யாரிடமும் காட்டாமல், 900 சொல் ஆனாலும் சரி, ஒரே மூச்சில் எழுதித் தனிக் கோப்பாக வைத்துவிடுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அளவுகோல்.

படிக்கக் கொடுக்க இரண்டு பேர் போதும்: உங்களை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர், அறவே தெரியாதவர் ஒருவர். ஐந்தாறு பேர் கைவைத்தால் ஆளுக்கொரு வாக்கியம் மாறி, கடைசியில் யாருடைய குரலும் மிஞ்சாது. அவர்கள் ஓரத்தில் கேள்வி எழுதலாம், வாக்கியத்தைத் தொடக்கூடாது. "இங்கே என்ன நடந்தது?" என்பது உதவி, "இப்படிப் போடு" என்பது எழுதிக் கொடுப்பது. காசு வாங்கும் ஆலோசகருக்கும் இதே கோடுதான்.

திருத்தியதை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் பெரும்பாலும் இரவல் சொல் இருக்கும். "தலைமைப் பண்பைக் கற்றேன்" என்ற வரியை அடித்துவிட்டு, அன்று நீங்கள் செய்த காரியத்தை எழுதுங்கள். பிறர் தரும் பயிற்சி மிஞ்சினால் முதலில் காணாமல் போவது இந்தச் சில்லறை விவரங்கள்தான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 8 கேள்விகளில் நான்குக்கு, தலா 350 சொற்களுக்குள் பதில் கேட்கிறது. அங்கே அலங்காரத் தொடக்கம் வீண்.

சமர்ப்பிக்கும்போது, எல்லாம் உங்கள் சொந்த எழுத்து என்று காமன் ஆப்பில் உறுதியளித்துக் கையொப்பமிட வேண்டும்.