பிள்ளைகளுக்கு எட்வர்ட் விம்பரின் கதையைச் சொல்ல ஒரு வழி

மேட்டர்ஹார்ன் மலை உச்சியை முதலில் அடைந்த குழுவின் ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பர் என்றால், எல்லோரும் இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் இறந்த 1865ஆம் ஆண்டு விபத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நூலகத்தில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள் நான். விம்பரை அப்படிச் சொன்னால் அவர் அறுந்த கயிறாக மட்டுமே மனசில் நிற்பார். அதனால் வேறு வரிசை வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் போதும். ஆளுக்கு ஒரு அழிரப்பர், ஸ்டாம்ப் மை, கொஞ்சம் தாம்புக்கயிறு, ஒரு நூல்கண்டு, பெரிய உலக வரைபடம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரப்பரைக் கொடுங்கள். முனை மழுங்கிய பேனாவால் ஒரு மலையைக் கீறச் சொல்லி, மையில் ஒற்றி, தாளில் அழுத்தச் சொல்லுங்கள். படம் இடவலம் மாறி விழும். பெயரைக் கீறிய பிள்ளை திகைத்துப்போகும். அந்த நேரத்தில் சொல்லுங்கள்: விம்பர் 1840இல் லண்டனில் பிறந்தார், அப்பா மரச்செதுக்கு ஓவியர், பதினோரு பிள்ளைகளில் இவர் இரண்டாமவர், சிறுவயதிலேயே அப்பாவின் பட்டறையில் வேலைக்கு உட்கார்ந்தவர். புத்தகப் படங்கள் அப்போது பெரும்பாலும் மரக்கட்டையில் இடவலம் மாற்றிச் செதுக்கித்தான் அச்சாயின. 1860இல் ஒரு பதிப்பாளர் ஆல்ப்ஸ் மலைகளை வரைந்து வரச் சொல்லி அனுப்பினார். மலை ஆசை அந்த வேலையில் வந்ததுதான். இதை விட்டுவிடாதீர்கள், பாறையை அங்குலம் அங்குலமாகப் பார்க்கும் கண் அவருக்குப் பட்டறையில்தான் பழகியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் சுவிஸ்–இத்தாலி எல்லையில் இருக்கும் மேட்டர்ஹார்ன். உயரம் 4,478 மீட்டர். 1861 முதல் பல தடவை இத்தாலிப் பக்கமிருந்து முயன்று திரும்பினார். அங்கே ழான் அந்துவான் கரேல் என்ற உள்ளூர் வழிகாட்டி சில நேரம் கூட்டாளி, சில நேரம் போட்டியாளர். கரேல் பெயரைப் பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும். 1865 ஜூலை 14 அன்று விம்பரின் குழு சுவிஸ் பக்கமிருந்து உச்சியை அடைந்தது. கரேல் அப்போது மறுபக்கச் சரிவில், கீழே இருந்தார். மூன்று நாள் கழித்து அவரும் இத்தாலிப் பக்கமாகவே ஏறிவிட்டார்.

இறக்கத்தைச் சொல்ல ஏழு பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் கயிற்றைக் கையில் கொடுங்கள். யார் இடுப்பிலும் கட்ட வேண்டாம். முன்னால் வழிகாட்டி மிஷெல் க்ரோ, அடுத்து 19 வயது ஹேடோ, ஹட்சன், 18 வயது டக்ளஸ், பிறகு வழிகாட்டி பெரிய பீட்டர் டௌக்வால்டர், விம்பர், கடைசியில் பெரிய பீட்டரின் மகன் சின்ன பீட்டர். டக்ளஸுக்கும் பெரிய பீட்டருக்கும் நடுவில் மட்டும் கயிற்றுக்குப் பதில் நூலைக் கட்டுங்கள். ஹேடோ வழுக்கி க்ரோ மேல் விழுந்தார்; பின்னால் இருந்த இருவரும் இழுபட்டார்கள். இப்போது முன்வரிசைப் பிள்ளை மெதுவாக இழுக்கட்டும். நூல் அறும். நால்வர் போனார்கள், மூவர் பிழைத்தார்கள். டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை.

"கயிற்றை யாராவது அறுத்தார்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். இங்கே நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். அறுந்தது இருந்தவற்றிலேயே பழைய, மெல்லிய கயிறு. ஆட்களைக் கட்டுவதற்காகக் கொண்டுவந்ததே அல்ல. மலையடிவார ஊரான செர்மாட்டில் நடந்த விசாரணை பெரிய பீட்டரைக் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனாலும் அவர் மேல் வதந்தி ஒட்டிக்கொண்டது. விம்பரும் தன் புத்தகத்தில் அவரைச் சந்தேகிக்கும்படி எழுதினார். அது நியாயமில்லை என்று நான் பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லுங்கள்.

சரி, பாதி நேரத்தை மிச்சம் வைத்திருக்க வேண்டும். வரைபடத்தில் ஈக்வடாரைத் தேடச் சொல்லுங்கள். கிரீன்லாந்துக்கு 1867, 1872இல் இரு முறை போனதை ஒரு வரியில் தாண்டிவிடலாம். 1879இல் அவர் ஈக்வடாருக்குப் போனது, உயரத்தில் மனிதர் ஏன் நோயுறுகிறார் என்று அறிய. கூட அழைத்துப்போனது யாரை? பலகையில் இருக்கும் பெயரைக் காட்டுங்கள். கரேலும் அவருடைய உறவினர் லூயி கரேலும். அந்நாட்டின் சிம்போரசோ மலையில் சுமார் 5,000 மீட்டர் உயர முகாமில் மூவருமே தலைவலி, காய்ச்சலோடு வாயைப் பிளந்து மூச்சுவிட்டபடி படுத்துக் கிடந்தார்கள். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றுத்தான் மேலே. உடம்பு பழகியதும் ஏறி, 1880 ஜனவரி 4 அன்று 6,263 மீட்டர் உச்சியைத் தொட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் மறுபடியும் ஏறினார்கள். அந்த முறை கோட்டோபாக்சி எரிமலை வெடித்துச் சாம்பல் அவர்கள் இருந்த மலைமேல் வந்து விழுந்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் அந்தக் கோட்டோபாக்சியின் விளிம்பிலேயே கூடாரம் அடித்து இரவு தங்கியிருந்தார்கள். கீழிருந்து ஏறிய சூட்டில் கூடாரத்தின் ரப்பர் தரை வாடை வீசியது. இதைச் சொல்லும்போது யாரும் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளமாட்டார்கள்.

நேரம் குறைந்தால் கனடாப் பயணத்தையும் அறுபது வயதுக்கு மேல் நடந்த திருமணத்தையும் விடுங்கள். 1911இல் பிரான்ஸின் ஆல்ப்ஸ் ஊரான ஷமோனியில் இறந்தார், அங்கேயே புதைக்கப்பட்டார் என்பது ஒரு வரி. கரேலின் முடிவை மட்டும் விடாதீர்கள்: 1890இல் மேட்டர்ஹார்னில் புயலில் சிக்கி, தன்னை நம்பி வந்தவரைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டு, களைப்பில் உயிர்விட்டார்.