தாத்தா எந்தப் பட்டாளத்தில் இருந்தார்? தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்க பூட்டன் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துல இருந்தாராம், ஈராக்குல பஸ்ரா வரைக்கும் போயிட்டு வந்தாராம்." வேலூர், திருவண்ணாமலை, ராமநாதபுரம் பக்கம் நாலு வீட்டில் விசாரித்தால் ஒரு வீட்டிலாவது இந்தப் பேச்சு வரும். முதல் உலகப் போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பணியாற்றினார்கள். அவர்களில் ஏறக்குறைய 74,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. இரண்டாம் போரில் எண்ணிக்கை 25 லட்சத்தைத் தொட்டது. இத்தனை பேரில் நம் வீட்டு ஆள் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், முடியும். ஆனாலும் தேட ஆரம்பித்த குடும்பங்களில் பாதிக்கு மேல் ஒன்றிரண்டு மாதத்தில் விட்டுவிடுகின்றன. அவர்கள் தேடிய வரிசைதான் பெரும்பாலும் தப்பாக இருக்கிறது.

பெயரை வைத்து ஆரம்பிப்பது

எல்லோரும் முதலில் செய்வது, இணையத்தில் தாத்தாவின் பெயரைத் தட்டிப் பார்ப்பது. ராணுவம் சிப்பாயைப் பெயரால் அடுக்கி வைக்கவில்லை. முதலில் படைப்பிரிவு, அதற்குள் ஓர் எண், அந்த எண்ணுக்கு எதிரே பெயர். அந்த எண்ணும் அந்தந்தப் படைப்பிரிவுக்குள்தான் செல்லும். 2315 என்ற எண் ஒரு காலாட்படையிலும் இருக்கும், பாதை போடும் ஒரு பயனியர் படையிலும் இருக்கும், இருவரும் வேறு வேறு ஆட்கள். எனவே படைப்பிரிவு தெரியாத எண்ணாலும் பயனில்லை, எண் தெரியாத பெயராலும் பெரிதாகப் பயனில்லை.

பெயரைப் பதிந்தவர் பெரும்பாலும் தமிழ் தெரியாத எழுத்தர். முத்துசாமி என்ற ஒரே பெயரை முத்துஸ்வாமி, மூட்டுசாமி, மூட்டூசாமி என்று காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். இனிஷியல் இருக்காது. வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, படையில் சொன்ன பெயர் இன்னொன்று என்பதும் சகஜம். வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லிச் சேர்ந்தவர்களும் உண்டு. அதனால் பிறந்த வருடம் பொருந்தவில்லை என்று ஒரு பதிவை ஒதுக்கிவிடாதீர்கள். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசமானது: பெயர் ஒத்துப்போகிறதே என்று முதலில் கிடைத்த ராமசாமியைத் தாத்தாவாக்கிவிடுவது. தகப்பனார் பெயர், ஊர், எண் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் எந்தப் பதிவையும் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.

வீட்டுப் பெட்டியைத் திறக்காமல் டெல்லிக்கு எழுதுவது

படைப்பிரிவும் எண்ணும் எங்கே கிடைக்கும்? பல நேரங்களில் வீட்டிலேயே கிடைக்கும். முதல் போரில் வழங்கப்பட்ட பதக்கங்களின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் நான்கும் நெல்மணி அளவுகூட இல்லாத எழுத்தில் சுற்றிவரப் பொறித்திருக்கும். முன்பக்கம் அரசரின் தலையையும் பின்பக்கம் குதிரை வீரனையும் படம் எடுத்து அனுப்பி "இது என்ன பதக்கம்?" என்று கேட்பவர்கள் அதிகம். பதக்கம் லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்த ஒன்றுதான். அதை உங்கள் தாத்தாவுடையதாக ஆக்குவது அந்த விளிம்பு.

இங்கே ஒரு வேண்டுகோள். அந்தப் பதக்கத்தைப் புளி போட்டு விளக்காதீர்கள். குத்துவிளக்கு போலப் பளபளவென்று ஆகட்டும் என்று பொங்கலுக்குப் பொங்கல் தேய்த்துத் தேய்த்து, விளிம்பு வழவழவென்று ஆகிப்போன ஒரு பதக்கத்தை ஒரு வீட்டில் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். படைப்பிரிவின் பெயர் இருந்த இடத்தில் ஒரு எழுத்தின் கால் மட்டும் மிச்சம். பாசத்தோடு செய்த காரியம், ஆனால் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே ஆதாரம் அதோடு போனது. கருத்திருந்தால் கருத்தபடியே இருக்கட்டும். விளிம்பைச் சுற்றி நாலைந்து படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் போர்ப் பதக்கங்கள் பலவற்றில் பெயர் இருக்காது. அவை அவர் எந்தப் போர்முனைக்குப் போனார் என்பதைத்தான் சொல்லும்.

சில வீடுகளில் ஏறக்குறைய அரைச் சாண் அகலமுள்ள வட்ட வெண்கலத் தகடு ஒன்று இருக்கும். ஒரு பெண் உருவம், பக்கத்தில் சிங்கம், ஒரு பெயர். முதல் போரில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்த நினைவுத் தகடு அது. அதில் எண்ணும் பதவியும் வேண்டுமென்றே பொறிக்கப்படவில்லை. எனவே தகடு ஒன்றை மட்டும் வைத்துப் படைப்பிரிவைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டு ஆள் போர்ப் பணியில் இறந்தவராகக் கணக்கில் இருந்தவர் என்பது அதிலிருந்து உறுதியாகிறது.

டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், ஓய்வூதியப் புத்தகம், களத் தபால் நிலைய எண் முத்திரை குத்திய கடிதம், தோள்பட்டையில் எழுத்துகள் தெரியும் போட்டோ எல்லாவற்றையும் இப்படியே கவனமாகப் பாருங்கள். போட்டோவைச் சட்டத்திலிருந்து பிய்க்க வேண்டாம். எந்தக் காகிதத்தையும் லேமினேட் செய்யவே வேண்டாம்.

படையின் இன்றைய பெயரில் தேடுவது

தமிழர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். "மெட்ராஸ் ரெஜிமென்ட்" என்று தேடினால் முதல் போரில் போனவர் கிடைக்கமாட்டார், அந்தப் பெயரே அப்போது இல்லை. அன்று இருந்தவை 63ஆம் பாளையங்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி (இன்ஃபன்ட்ரி என்றால் காலாட்படை), 73, 75, 79, 80, 86, 88 ஆகிய எண்களில் கர்னாடிக் இன்ஃபன்ட்ரி, 83ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, 61, 64, 81ஆம் பயனியர்கள் போன்ற படைகள். கர்னாடிக் என்பது ஆற்காட்டு நவாபின் பழைய சீமை. இன்றைய கர்நாடக மாநிலம் என்று நினைத்து அந்தப் பதிவுகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பாளையங்கோட்டா என்ற பெயரைப் பார்த்து எல்லோரும் திருநெல்வேலிக்காரர்கள் என்றும் முடிவு கட்டாதீர்கள்.

இன்னொரு உதாரணம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை. பெங்களூரில் இன்றும் "தம்பி"கள் என்று பெயர் வாங்கிய படை. முதல் போரின்போது அதன் அதிகாரப்பூர்வப் பெயரில் "மெட்ராஸ்" என்ற சொல்லே கிடையாது, "2ஆம் குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்" என்றுதான் இருந்தது. பதக்க விளிம்பில் "2 க்யூ.வி.ஓ. எஸ். & எம்." என்பது போல ஒரு சுருக்கம் இருந்தால் அது இவர்கள்தான்.

1922இல் பழைய காலாட்படைகளில் சிலவற்றைச் சேர்த்து 3ஆம் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆக்கினார்கள். உதாரணமாக 73ஆம் கர்னாடிக் அதன் முதல் பட்டாலியன் ஆனது. அப்புறம் அந்த பட்டாலியன்களையும் ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டார்கள். 1933இல் பயனியர் படைகளும் கலைக்கப்பட்டன. மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது 1941இல். எனவே தாத்தா சேர்ந்த வருடம் தோராயமாகத் தெரிந்தால்கூடத் தேட வேண்டிய இடம் மாறிவிடும்.

நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. அங்கிருந்து போனவர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இல்லாமல் மகாராஜாவின் படையில் இருந்திருக்கலாம். சுதந்திரத்துக்குப் பின் அந்தப் படைதான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டோடு இணைந்தது.

எல்லாம் லண்டனில் இருக்கிறது என்று நம்புவது

லண்டனில் நிறைய இருக்கிறது என்பது உண்மை. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள, அன்று லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த இந்தியா ஆபீஸின் ஆவணங்களில் இந்தியப் படையின் அதிகாரிகளைப் பற்றிய தனிக் கோப்புகள் வரிசையாக உண்டு. ஆனால் அதிகாரி என்றால் பெரும்பாலும் வெள்ளைக்காரர். சாதாரணச் சிப்பாயின் பணிப் பதிவேடு இந்தியாவிலேயே தங்கிவிட்டது. சிப்பாய்க்கு மேலே இருந்த இந்தியப் பதவிகளான சுபேதார், ஜமேதார் ஆகியோரின் பெயர்கள் அச்சிட்ட இந்திய ராணுவப் பட்டியல்களில் கிடைக்கும். தாத்தா அந்தப் பதவிக்கு உயர்ந்தவர் என்றால் அதை முதலில் புரட்டுங்கள், கண்டிப்பாகப் பலன் உண்டு.

கட்டணம் வாங்கும் வம்சாவளித் தளங்களில் பணம் கட்டுவதற்கு முன்பும் இதை நினைவில் வையுங்கள். அவற்றில் உள்ள பணிப் பதிவுகள் பெரும்பாலும் பிரிட்டனின் சொந்தப் படையைச் சேர்ந்தவை. "1940 குண்டுவீச்சில் லண்டனில் எல்லாம் எரிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் அதற்காகவும் மனம் தளர வேண்டாம். அன்று எரிந்தவையும் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பதிவுகள்தான். 2021இல் செய்திகளில் வந்த, லாகூர் அருங்காட்சியகத்தில் கிடைத்த 3.2 லட்சம் பேரின் பதிவேடுகள் பஞ்சாப்காரர்களுடையவை. அதில் நம் ஊர்க்காரரைத் தேட வேண்டாம்.

படைகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் தாத்தாவின் பெயரைத் தேடி ஏமாறுகிறவர்கள் பலர். அதிகாரிகளைத்தான் அதில் பெயர் சொல்லி எழுதுவார்கள், சிப்பாய்கள் எண்ணிக்கையாக வருவார்கள். ஆனாலும் வாசியுங்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் 63ஆம் பாளையங்கோட்டா படை கரையிறங்கிச் சின்னாபின்னமானது. உங்கள் பூட்டன் அந்தப் படையில் அப்போது இருந்தார் என்று நிரூபிக்க முடிந்தால், அந்த நாளில் அவரைச் சுற்றி என்ன நடந்தது என்பது மணிவாரியாகக் கிடைக்கும்.

"எல்லா ஆவணங்களையும் அனுப்பவும்" என்று கேட்பது

படைப்பிரிவும் எண்ணும் கையில் வந்த பிறகு அந்தப் படையின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதலாம். 1941க்குப் பிந்தைய மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியிலுள்ள வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். இரண்டாம் போரில் தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு வேறு ஊர்கள்: தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வண்டி, இயந்திரம் பழுது பார்க்கும் ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத், பீரங்கிப் படைக்கு நாசிக், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ.

ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவரின் கோப்பைப் பொதுவாக 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். போர் முடிந்து 1946, 47இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் மிகப் பலர் இந்த வகை. ஆனால் லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டை அழிப்பதில்லை. ஒருவருக்கு ஒரு வரிதான் இருக்கும், இருந்தாலும் சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, ஊர், காரணம் தெரிந்துவிடும். "எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் "அழிக்கப்பட்டுவிட்டன" என்று ஒரு வரிப் பதில் வரலாம். "லாங் ரோல் பதிவின் நகல்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டியும் கேட்கலாம். அப்போது நீங்கள் வாரிசு என்பதற்கான சான்றைக் கூடவே வையுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நபர் தகவல் என்று மறுக்க இடம் கிடைக்கும்.

மாவட்டத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாட்டி ஒருகாலத்தில் இரண்டாம் போர் உதவித்தொகை வாங்கியிருந்தால் தாத்தாவின் எண் அங்கே பதிவாகியிருக்கும். தாத்தாவுக்குப் பட்டாளத்து நிலம் கொடுத்தார்கள் என்று வீட்டில் பேச்சு இருந்தால் தாலுகா அலுவலகக் கோப்புகளையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்து அரசாணைகளையும் விடாதீர்கள். தேடும்போது பழைய ஜில்லாவைப் போடுங்கள்: விருதுநகருக்கு ராமநாதபுரம், தூத்துக்குடிக்குத் திருநெல்வேலி, தர்மபுரிக்குச் சேலம், திருவண்ணாமலைக்கு வட ஆற்காடு.

போனவரெல்லாம் சிப்பாய் என்று எடுத்துக்கொள்வது

"சண்டைக்குப் போனார்" என்று பாட்டி சொன்னால் அவர் துப்பாக்கி பிடித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர், ரயில் பாதை போட்ட கூலிப்படையினர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். அவர்களுக்கும் பதக்கம் உண்டு. முதல் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில், இவர்களில் பலருக்கு வெண்கலத்தில். இவர்களைக் காலாட்படைப் பட்டியலில் தேடினால் இல்லை என்றுதான் வரும்.

மலாயாக் குடும்பங்களின் கதை தனி. நேதாஜியின் ஐ.என்.ஏ. படையில் சேர்ந்த தமிழர்களில் பலர் தோட்டத் தொழிலாளர்கள், அவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஒருநாளும் இருந்ததில்லை. ஜான்சி ராணிப் படைப் பெண்களும் அப்படித்தான். இவர்களுக்கு ரெக்கார்டு ஆபீஸில் எதுவும் கிடைக்காது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளையும், தியாகிகள் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்த கோப்பையும்தான் பார்க்க வேண்டும். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்கு ஜப்பானியர் ஓட்டிச் சென்ற தமிழர்கள் ராணுவமே அல்ல. அவர்கள் பெயர் எந்தப் போர்க் கல்லறைப் பட்டியலிலும் இல்லை, இது நெஞ்சை அறுக்கும் உண்மை. இன்னொன்று: 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் சரணடைந்து "அங்கேயே காணாமல் போனார்" என்று சொல்லப்படும் சிப்பாயை சிங்கப்பூரோடு நிறுத்திவிடாதீர்கள். ஜப்பானியர் இந்தியக் கைதிகளை நியூ கினி வரை கொண்டுபோனார்கள். அங்கே லே நகரப் போர்க் கல்லறையில் நூற்றுக்கணக்கான இந்தியர்கள் இருக்கிறார்கள்.

கல்லில் பெயர் இல்லை என்றால் இறக்கவில்லை என்று முடிவு கட்டுவது

இறந்தவர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இலவசத் தேடல் இருக்கிறது. இந்து வீரர்கள் பெரும்பாலும் எரியூட்டப்பட்டதால் தனிக் கல்லறை இருக்காது, நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கும். பர்மாவில் இறந்தவர்களுக்கு தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்கள், பிரான்ஸில் நவ் ஷப்பலில் 4,700க்கும் மேல். பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களைச் செதுக்கியவர்கள், இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக மட்டும் செதுக்கினார்கள். பெயர்கள் பதிவேட்டில்தான். எனவே கல்லின் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பதிவேட்டிலும் இல்லாமல் போகலாம். ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களும் சுமைகூலிகளும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை அதைவிடப் பல மடங்கு, பெயரின்றி விடுபட்டார்கள் என்று ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. விடுபட்ட பெயரைச் சேர்க்கச் சொல்லிக் குடும்பத்தார் எழுதலாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை நடந்த இறப்புகளை எடுத்துக்கொள்கிறார்கள். போரில் பட்ட காயத்தாலோ நோயாலோ ஊருக்கு வந்து இறந்தவருக்கும் இதில் இடமுண்டு. படைப்பிரிவு, எண், இறந்த தேதி, இறப்புக்கும் பணிக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றுக்குக் காகிதச் சான்று வேண்டும். அந்தக் காலத்து இறப்புப் பதிவைக் கிராமக் கணக்கிலோ தாலுகாவிலோ தேடி எடுத்து, விளிம்பு தெரியும் பதக்கப் படத்தோடும் லாங் ரோல் நகலோடும் சேர்த்து அனுப்புங்கள்.