ரிங் மாற்றும் முன் ஆயில் செப்பரேட்டரைப் பாருங்கள்

வண்டி ஆயில் குடிக்கிறது, நீலப் புகை வருகிறது என்றதும் "ரிங் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள் (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்). தலையாட்டும் முன் ஆயில் செப்பரேட்டரையும் பிசிவி வால்வையும் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் வால்வு) பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இந்தச் சோதனையை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கீழே இறங்கும். ஆயில் துளி, நீராவி, எரியாத பெட்ரோல் எல்லாம் அதோடு கலக்கும். வெளியே விட்டால் காற்று கெடும், உள்ளேயே அடைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீல் கசியும், அதனால் இன்டேக் (காற்று உள்ளே போகும் குழாய்) வழியாகத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பி எரிக்கிறார்கள். போகிற வழியில் ஆயிலைப் பிரித்துக் கீழே சம்ப்புக்கு (ஆயில் தொட்டிக்கு) இறக்கிவிடுவதுதான் செப்பரேட்டர். பல கார்களில் இது டேப்பட் கவருக்குள்ளேயே (எஞ்சினின் மேல்மூடி) தடுப்புத் தகடுகளாக இருக்கும், சிலவற்றில் தனி டப்பா.

முதலில் சோதனை. எஞ்சின் சூடானதும் ஐட்லிங்கில் விட்டு, ஆயில் கேப்பை மெதுவாகத் திறவுங்கள் (சூடான ஆயில் தெறிக்கலாம், கை முகம் பத்திரம்). ஆயில் ஊற்றும் வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளே இழுபட்டால் நல்லது. மேலே தூக்கியடித்தால் வழி அடைத்திருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. கேப்பைத் திறக்கவே முடியாதபடி இழுத்து, விசில் சத்தமும் வந்தால் செப்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் எஞ்சினை முழுக்க ஆறவிட்டு, ஹோஸ்களைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் மாட்டும் பழைய பிளாஸ்டிக் மூக்குகள் மொறுமொறுவென்று உடையும், பிடுங்கக் கூடாது, திருகித் தளர்த்த வேண்டும். சாதாரண பிசிவி வால்வைக் காதருகே குலுக்கினால் 'கடகட' என்று கேட்கும். கேட்காவிட்டால் கார்ப் கிளீனர் அடித்துப் பாருங்கள், அப்படியும் அசையாவிட்டால் புதிதாக மாற்றிவிடுங்கள். தனி டப்பா என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் காயவைத்து மாட்டுங்கள். டயாஃப்ரம் உள்ள டப்பாவில் மட்டும் கார்ப் கிளீனர், பெட்ரோல் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊறிப் போகும். கிழிந்திருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள்.

மாட்டியதும் ஸ்டார்ட் செய்து 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள் (வந்தால் எங்கோ சரியாகப் பொருந்தவில்லை), தாள் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். இப்போதும் தூக்கியடித்தால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள், ரிங் பேச்சு அதற்குப் பிறகு.

இது மறுபடி அடைக்காமல் இருக்க ஆயிலைக் காலத்தில் மாற்றுவதுதான் பெரிய மருந்து. டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவே ஊற்றாதீர்கள், கூடுதல் ஆயில் நேராகச் செப்பரேட்டருக்குத்தான் ஏறும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் நீராவி ஆயிலோடு கலந்து கேப்பின் அடியில் வெண்ணிறப் பசையாகப் படியும்; வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டினால் அந்த நீராவி போய்விடும். பசையோடு கூலன்ட்டும் குறைந்தால் அது ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் உள்ள சீல்) பிரச்சினையாக இருக்கலாம், வண்டியை ஓட்டாமல் உடனே காட்டுங்கள்.